பழகிய கை: மூத்த கலைஞரின் ஆல்பத்தைப் பாட்டுப் பாட்டாக எடைபோடுவது

அறிமுகக் கலைஞரின் முதல் ஆல்பத்தைப் பற்றி எழுதுவது சுலபம். முன்கதை கிடையாது. காதுக்குப் பிடித்ததா, ஏன் பிடித்தது என்று எழுதினால் முடிந்தது. நாற்பது வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கும் ஒருவரின் புது ஆல்பம் கைக்கு வரும்போதுதான் சிக்கல். பேனாவை எடுத்ததுமே இரண்டு வாக்கியங்கள் தயாராக வந்து நிற்கும். ஒன்று, ‘பழைய மாதிரி இல்லை.’ இன்னொன்று, ‘இந்த வயசிலும் என்னமா பாடுறார்!’ இரண்டையுமே ஆல்பத்தைக் கேட்காமலே எழுதிவிடலாம் என்பதுதான் அவற்றின் குறை.

முதல் வாக்கியம் கலைஞரை அவருடைய இருபத்தைந்து வயதோடு போட்டிக்கு நிறுத்துகிறது. அதில் அவர் ஜெயிக்க முடியாது. அந்தப் பழைய பாட்டுகளோடு நம் கல்லூரிக்காலமும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வாக்கியம் பார்த்தால் மரியாதை மாதிரி இருக்கும். ஆனால் மார்க் போடுவதற்குப் பதில் வயசுச் சான்றிதழ் கேட்கிற வேலை அது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு பாட்டிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இது அவர் கை தானாகப் போன வழியா, எங்காவது அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாரா?

ஆயிரம் மெட்டுப் போட்டவருக்கு விரல்களே மெட்டுப் போடும். பியானோ முன்னால் உட்கார்ந்தால் முதல் கார்டுக்கு அடுத்தது எது என்று யோசிக்கவே வேண்டாம். பழக்கம் குற்றமில்லை, பல நேரம் அதுவே அவருடைய அழகு. ஆனால் ஒரு பின்னாள் ஆல்பம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பழக்கம் எங்கே தடுக்கப்பட்டது என்று தேடுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொண்டது பீட்டில்ஸ் குழுவிலிருந்த பால் மெக்கார்ட்னியின் ‘கேயாஸ் அண்ட் கிரியேஷன் இன் த பேக்யார்ட்’. 2005 செப்டம்பரில் வந்தது. அப்போது அவருக்கு வயது 63. பதின்மூன்று பாட்டுகள். அவருடைய ஆகச் சிறந்த ஆல்பம் என்று சொல்லி இதை எடுக்கவில்லை. பழகிய கையும் அதைத் தடுத்த கையும் இதில் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. பயிற்சிக்கு இதைவிடத் தோதான ஆல்பம் கிடைப்பது கஷ்டம்.

கேட்பதற்கு முன்

மற்ற விமர்சனங்களைப் படிக்காதீர்கள். ஆனால் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: இதற்கு முந்தைய ஆல்பம் எது, யார் தயாரித்தது, யார் வாசித்தது, எங்கே ஒலிப்பதிவானது. அட்டையின் பின்பக்கத்தைப் படித்தாலே பெரும்பாலும் போதும்.

மெக்கார்ட்னியின் முந்தைய ஸ்டுடியோ ஆல்பம் 2001இல் வந்த ‘டிரைவிங் ரெயின்’. அடுத்ததற்கு யாரைப் பிடிக்கலாம் என்று பீட்டில்ஸின் பழைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் கேட்டார். அவர் கைகாட்டியது நைஜல் காட்ரிச். ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’, பெக்கின் ‘சீ சேஞ்ச்’ ஆல்பங்களைச் செய்தவர். பிறந்தது 1971இல், அதாவது பீட்டில்ஸ் பிரிந்து ஒரு வருஷம் கழித்து. (இங்கே தயாரிப்பாளர் என்றால் நம் சினிமாவில்போலப் பணம் போடுகிறவர் இல்லை. ஸ்டுடியோவில் கூடவே உட்கார்ந்து எது நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று தீர்மானிக்கிறவர்.)

காட்ரிச் செய்த முதல் பெரிய காரியம், மெக்கார்ட்னியோடு ஊர் ஊராக மேடையேறி வந்த இசைக்குழுவைப் பெரும்பாலான பாட்டுகளிலிருந்து விலக்கி வைத்தது. டிரம்ஸ், பேஸ், பியானோ, கிட்டார் எல்லாவற்றையும் நீங்களே வாசியுங்கள் என்றார். மெக்கார்ட்னிக்கு இது புதிதல்ல. 1970இலும் 1980இலும் தன் பெயரையே தலைப்பாக வைத்து ஏறக்குறையத் தனி ஆளாக ஆல்பம் செய்திருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் ‘இது வேண்டாம்’ என்று சொல்ல எதிரில் ஆள் இல்லை. இந்த முறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த பாட்டுகளில் சிலவற்றை வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லவும் செய்தார். மெக்கார்ட்னிக்குக் கோபம் வந்தது. பிறகு திரும்பி வந்து வாசித்தார். பேட்டிகளில் அவரே சொன்ன விஷயம் இது.

அட்டைப்படத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1962இல் தம்பி மைக் எடுத்தது. லிவர்பூல் ஃபோர்த்லின் சாலையில் இருந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் பால் உட்கார்ந்து கிட்டார் வாசிக்கிறார். வீட்டுக்குள்ளிருந்து வலைத்திரை வழியாக எடுத்திருக்கிறார்கள். அம்மாவின் திரை வழியே என்று தம்பி அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தார். அம்மா மேரி இறந்தது 1956இல். ஆறு வருஷம் கழித்தும் அந்தத் திரை அம்மாவுடையதாகத்தான் இருந்திருக்கிறது. விமர்சனத்துக்கு இது தேவையா என்று கேட்டால், தேவையில்லை. ஆனால் பெரிய குழுவும் பெரிய அரங்கமும் இல்லாமல் கொல்லைப்புறத்தில் தனியாக ஒருவன் என்கிற எண்ணத்தோடு காது உள்ளே போகும்.

எப்படிக் கேட்பது

முதல் தடவை நிறுத்தாமல், வரிசை மாற்றாமல், கையில் பேனா இல்லாமல். முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் சிரமம். படத்தில் எந்த இடத்தில் வருகிறது, யார் ஆடுகிறார்கள் என்பதோடு சேர்த்துத்தான் பாட்டுகளைத் தெரிந்துவைத்திருக்கிறோம். ஒரு பாட்டுக்கு அடுத்து எது என்பது நமக்கு ஒரு விஷயமே இல்லை. இவர்களுடைய ஆல்பத்தில் அந்த வரிசையே ஒரு முடிவு. ஐந்தாவது பாட்டு ஏன் ஐந்தாவதாக இருக்கிறது என்பதும் உங்கள் மதிப்பீட்டில் வர வேண்டும்.

இரண்டாவது தடவை ஹெட்ஃபோனில். பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதலில் காதில் விழுவதை மட்டும் எழுதுங்கள்: என்ன வாத்தியம், என்ன வேகம், குரல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, எந்த இடத்தில் புதிதாக ஒன்று நுழைகிறது. பிடித்தது, பிடிக்கவில்லை என்பதை அப்போது எழுதாதீர்கள். பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது மூன்றாவது தடவை. முதலிலேயே வரிகளைப் பார்த்தால் காது அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு நீங்கள் எழுதப்போவது இசை விமர்சனம் இல்லை, பொழிப்புரை.

இனி பாட்டுகள்.

‘ஃபைன் லைன்’ கட்டைகளை இடித்து வாசிக்கும் பியானோவோடு தொடங்குகிறது. ஆல்பத்தின் பெயரில் உள்ள ‘கேயாஸ்’, ‘கிரியேஷன்’ என்ற சொற்கள் இந்தப் பாட்டில்தான் வருகின்றன. கேட்ட உடனே இவர்தான் என்று சொல்லிவிடலாம். பழகிய கை நன்றாகவே ஓடுகிறது. நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது பேஸ் கிட்டாரை. வாசிக்கும்போது மெக்கார்ட்னி ஓரிடத்தில் தவறான ஸ்வரத்தில் விரல் வைத்துவிட்டார். திருத்தப்போனவரைத் தடுத்து, அது அப்படியே இருக்கட்டும் என்றார் காட்ரிச். இந்தக் கதை தெரியாமல் கேட்டாலும், மெட்டு ஒருகணம் கால் இடறி வேறு பக்கம் சாய்வதுபோல இருக்கும். இப்படி இடறுகிற இடங்களை நோட்டில் நட்சத்திரம் போட்டு வையுங்கள். மற்றபடி இது வாசல் பாட்டு. நல்ல வாசல், அதற்குமேல் புகழ வேண்டாம்.

‘ஹவ் கைண்ட் ஆஃப் யூ’ மேட்டுக்குடி ஆங்கிலேயப் பெரியவர்கள் நன்றி சொல்லும் தோரணையிலிருந்து பிறந்தது. மேலே ஒரே மரியாதையாக இருக்கிறது. அடியில் கிட்டாரையும் பியானோவையும் லூப்பாகச் சுற்றவிட்டு ஒரு கலங்கலை வைத்திருக்கிறார்கள். அந்தக் கலங்கல்தான் பாட்டுக்கு வயசைக் கொடுக்கிறது. முடிவு இழுவை என்பது என் எண்ணம். ஆனால் வரிசையைப் பாருங்கள்: துள்ளலான முதல் பாட்டுக்கு அடுத்ததாகவே வண்டியை இவ்வளவு மெதுவாக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

‘ஜென்னி ரென்’ பாட்டுக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயமே இதில்தான் நிற்கிறது.

கேட்ட நான்காவது விநாடியில் 1968இல் அவர் எழுதிய ‘பிளாக்பேர்ட்’ ஞாபகம் வரும். வரத்தான் செய்யும். கீழ்க் கம்பியும் மேல் கம்பியும் ஜோடியாக நகர, நடுவில் ஒரு கம்பி விடாமல் ஒலிக்கிற அந்த விரல் ஓட்டம் பையனாக இருந்த காலத்தில் வந்தது. இசைமேதை பாக்கின் (Bach) பூரே என்ற நடன இசை ஒன்றை அவரும் பீட்டில்ஸ் கூட்டாளி ஜார்ஜ் ஹாரிசனும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வாசித்துப் பார்த்ததன் மிச்சம் அது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ‘ஜென்னி ரென்’ அதே குடும்பத்துப் பாட்டு. பறவையின் பெயர்கூட அப்படியே. அவசரக்கார விமர்சகர் ‘பிளாக்பேர்டின் நகல்’ என்று எழுதிவிட்டு நான்காவது பாட்டுக்குப் போய்விடுவார்.

நீங்கள் போகாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். கிட்டாரின் சுருதி இங்கே இறக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. கம்பிகள் தளர்ந்து, சத்தம் கனத்து வருகிறது. பழைய பாட்டில் குரல் மேலே பறக்கப் பார்க்கும். இதில் மெட்டு ஏறுவதும் உடனே இறங்குவதுமாக இருக்கிறது. உலகத்தின் கிறுக்குத்தனத்தைப் பார்த்துப் பாடுவதை நிறுத்திவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. பெயர் டிக்கன்ஸின் ‘அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்’ நாவலில் பொம்மைகளுக்கு உடை தைக்கும் பெண்ணுடையது. ரென் என்பது கைக்குள் அடங்குகிற சின்னப் பறவையும்கூட. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு பள்ளத்தாக்குக்குக் கிட்டாரோடு தனியாகப் போய் உட்கார்ந்து எழுதியது.

பிறகு இடையிசை வருகிறது. அங்கேதான் கை தடுக்கப்படுகிறது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் வயலின்களையோ தன் சீட்டியையோ வைத்திருப்பார். வருவதோ டூடுக். ஆர்மீனிய நாட்டு வாத்தியம். ஆப்ரிகாட் மரத்தில் செய்கிறார்கள். நம் நாகஸ்வரத்தைப்போல இதற்கும் இரட்டைச் சீவாளிதான். ஆனால் நாகஸ்வரம் தெருமுனை வரை கேட்க வேண்டிய வாத்தியம். டூடுக் பக்கத்தில் இருப்பவர் காதோடு பேசுகிற வாத்தியம். வெனிசுவேலாவில் பிறந்த பெட்ரோ யூஸ்டாஷ் வாசித்திருக்கிறார். மூச்சு சீவாளியில் பட்டு ஸ்வரமாக மாறுவதற்கு முந்தின அந்தக் காற்றுச் சத்தத்தையும் ஒலிப்பதிவில் விட்டு வைத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் தெரியும். ஸ்வரங்களை நேராகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்து சேர்கிறது. பாடுவதை நிறுத்திய பெண்ணின் கதையில், குரல் ஓய்ந்த இடத்தில் இப்படி ஒரு குரல். இளவயது மெக்கார்ட்னி இதை எழுதியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ‘பழைய மாதிரி இல்லை’ என்பது எப்போதாவது பாராட்டாக முடியுமென்றால் அது இங்கேதான்.

உங்கள் குறிப்பில் இவ்வளவு நுணுக்கம் வர வேண்டிய பாட்டு ஓர் ஆல்பத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். எல்லாப் பாட்டுக்கும் சமமாக இடம் ஒதுக்குகிறவர் எதையும் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

‘அட் த மெர்சி’யில் டிரம்ஸ் வாசிப்பது ஜேம்ஸ் காட்ஸன், பாடகர் பில் விதர்ஸுக்கு வாசித்தவர். மெட்டு எங்கே போய் உட்காரும் என்று கடைசி வரை பிடிகொடுக்காது. மனசில் தங்கும் பாட்டு இல்லை. ஆனால் ‘ஜென்னி ரென்’ முடிந்த கையோடு இனிப்பாக எதையும் தராமல் இருட்டையே இன்னும் கொஞ்சம் நீட்டியது சரியான முடிவு.

‘ஃப்ரெண்ட்ஸ் டு கோ’ எழுதும்போது ஜார்ஜ் ஹாரிசன் தன் வழியாக எழுதுவதுபோல இருந்தது என்று மெக்கார்ட்னி சொன்னார். ஹாரிசன் போய்ச் சேர்ந்தது 2001 நவம்பரில். அதற்காகப் பாட்டு முழுக்க அஞ்சலியைத் தேடாதீர்கள், கிடைக்காது. நண்பர்களெல்லாம் கிளம்பிப் போகட்டும், பிறகு வெளியே வருகிறேன் என்று மறைவில் காத்திருக்கும் ஒருவனைப் பற்றிய வேடிக்கையான பாட்டு. ஹாரிசன் இருப்பது கிட்டாரின் நடையிலும், மெட்டு கொஞ்சம் முறைத்துக்கொண்டு நடப்பதிலும். கலைஞர் பேட்டியில் சொன்னதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குப் பிடித்த பாட்டு. காரணத்தைச் சங்கீத மொழியில் சொல்லத் தெரியவில்லை. அப்படியே சொல்லிவிட்டு நகர்வதிலும் தப்பில்லை.

‘இங்கிலிஷ் டீ’தான் கேட்பவர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கிற பாட்டு. ஜோபி டால்பட் அமைத்த வயலின் கூட்டம், ஞாயிற்றுக்கிழமைத் தோட்டம், தேநீர், வேண்டுமென்றே நுழைத்த ஒரு பாட்டன்காலச் சொல். மெக்கார்ட்னியைக் கிண்டல் செய்ய நினைக்கிற யாரும் இப்படித்தான் ஒரு பாட்டு எழுதுவார்கள். அதை அவரே எழுதிவிட்டார். இங்கே இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பாட்டு இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல்தான். சிரிப்பு அடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. இரண்டு, முகத்தில் ஒரு சின்னப் புன்னகையோடுதான் பாடுகிறார், குரலில் கேட்கிறது. பழக்கத்தை மீறுவதற்கு இன்னொரு வழி, அதைத் தெரிந்தே கொஞ்சம் கூட்டி வாசிப்பது. எனக்கு இது பாஸ் மார்க். உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் அப்படியே எழுதுங்கள், ஆனால் அவருக்குத் தெரியாமல் நடந்ததுபோல எழுதாதீர்கள்.

‘டூ மச் ரெயின்’ சாப்ளின் மெட்டமைத்த ‘ஸ்மைல்’ தந்த எண்ணத்தில் எழுதியது. கஷ்டத்திலும் சிரி என்கிற அந்தப் பழைய அறிவுரை. இந்தமாதிரிப் பாட்டில் தடுக்கி விழுவது சுலபம். விழாமல் காப்பாற்றுவது குரல்; பெருக்கிக் காட்டாமல், எதிரொலி பூசாமல், வாய்க்கு அருகில் மைக்கை வைத்துப் பிடித்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய குரலின் ஓரத்தில் இருக்கும் சொரசொரப்பு ஒளிக்கப்படவில்லை. மூத்த பாடகரின் ஆல்பத்தில் குரலைப் பற்றி எழுதும்போது ‘குரல் போய்விட்டது’, ‘குரல் அப்படியே இருக்கிறது’ என்று இரண்டில் ஒன்றைச் சொல்லித் தப்பிக்காதீர்கள். போனது எது, அது போனதை வைத்து என்ன செய்திருக்கிறார் என்று எழுதுங்கள்.

‘எ செர்ட்டன் சாஃப்ட்னஸ்’ லத்தீன் அமெரிக்கச் சாயலில் ஒரு மெல்லிய காதல் பாட்டு. தாள வாத்தியங்கள் அழகு. அவ்வளவுதான்.

அடுத்து ‘ரைடிங் டு வேனிட்டி ஃபேர்’. மறுபடி மெதுவாகக் கேட்க வேண்டிய இடம்.

இது முதலில் வேகமான பாட்டாக இருந்தது. காட்ரிச்சுக்குப் பிடிக்கவில்லை. வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மெட்டையும் வேகத்தையும் மாற்றி, முற்றிலும் வேறு பாட்டாகத் திரும்பி வந்தது. நட்புக்காகக் கை நீட்டியவனை எதிராளி உதாசீனப்படுத்துகிறார். அந்தக் கசப்புதான் பொருள். மெக்கார்ட்னி கசப்பை இப்படி வெளியே வைத்துப் பாடுவது அபூர்வம். 1971இல் ‘ராம்’ ஆல்பத்தில் வந்த ‘டூ மெனி பீப்பிள்’ பாட்டில் பீட்டில்ஸ் கூட்டாளி ஜான் லெனனைக் குத்தியிருக்கிறார். ஆனால் அது சத்தம் போட்டுக் குத்தியது, இளமைக் கோபம். இங்கே கோபம் குரலை உயர்த்தவே இல்லை. காட்ஸனின் டிரம்ஸ் பின்னால் தள்ளி நிற்கிறது. பேஸ் கனமாக நகர்கிறது. மேலே ஒரு பொம்மை கிளாக்கன்ஷ்பீல், குழந்தைகள் தட்டி விளையாடுகிற உலோகக் கட்டை, கிணுகிணு என்று தொடர்ந்து ஒலிக்கிறது. ஐந்து நிமிஷப் பாட்டில் அந்தக் கிணுகிணுப்பை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து கேளுங்கள். முதலில் இனிமையாக இருக்கும். மூன்றாவது நிமிஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற ஒருவரின் சிரிப்பாக மாறியிருக்கும். வாத்தியம் மாறவில்லை, வாசிப்பும் மாறவில்லை; அடியில் போகிற வயலின்களும் வார்த்தையும் சேர்ந்து அதை மாற்றிவிட்டன.

இந்த மாதிரிப் பாட்டு வரும்போது விமர்சகருக்கு ஒரு நமைச்சல் வரும்: இதில் வரும் ‘நீ’ யார்? 2005இல் அவருடைய வாழ்க்கையில் யார் யார் இருந்தார்கள்? அந்தத் துப்பறியும் வேலையை விட்டுவிடுங்கள். அவர் பெயர் சொல்லவில்லை. நீங்கள் கண்டுபிடித்ததாக நினைத்து எழுதினாலும் அது பாட்டைப் பற்றி எதையும் சொல்லாது. சம்பந்தமில்லாத ஒருவரைத் தெருவுக்கு இழுத்ததாகத்தான் முடியும். வேகமான பாட்டாகவே இருந்திருந்தால் இந்தக் கசப்பு எப்படி ஒலித்திருக்கும் என்று யோசியுங்கள். அந்த யோசனையிலிருந்து ஒரு பத்தி வரும்.

‘ஃபாலோ மீ’ மேடையில் குழுவோடு வாசித்துப் பழகிய பாட்டு. 2004 கிளாஸ்டன்பரி விழாவிலேயே பாடிவிட்டார். அதுவே குறை. கை போன வழியில் போய்விட்டது. முந்தைய பாட்டின் கசப்புக்கு மருந்தாக இங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

‘பிராமிஸ் டு யூ கேர்ல்’ மெதுவாகத் தொடங்கி, சட்டென்று ஓட்டமெடுத்து, மறுபடி மெதுவாகி முடிகிறது. முடியாத துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது பீட்டில்ஸின் ‘அபி ரோட்’ நாட்களிலிருந்தே அவர் கைவேலை. ஓட்டப் பகுதியில் தன் குரலையே அடுக்கடுக்காக வைத்துப் பாடியிருப்பதில் குதூகலம் இருக்கிறது. ஆல்பத்தில் பதின்மூன்று பாட்டும் இருட்டாக இருந்தால் கேட்பவர் எழுந்து போய்விடுவார். இது அவரைப் பிடித்து உட்கார வைக்கிறது.

‘திஸ் நெவர் ஹேப்பன்ட் பிஃபோர்’ பழகிய கை எந்தத் தடையும் இல்லாமல் போய், போன வழியிலேயே பொன் எடுத்த இடம். பியானோ, வயலின்கள், காதல். அடுத்த வருஷம் ‘த லேக் ஹவுஸ்’ படத்தில் பயன்படுத்தினார்கள். நான் முதலில் சொன்ன அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தப் பாட்டுக்குக் குறைந்த மார்க்தான் விழ வேண்டும். ஆனால் பல்லவி இரண்டாம் முறை திரும்பி வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அளவுகோலுக்கு அடங்காத பாட்டு வந்தால் பாட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அளவுகோலை ஒரு நிமிஷம் கீழே வையுங்கள். வைத்ததையும் வாசகரிடம் சொல்லிவிடுங்கள்.

‘எனிவே’ கடைசிப் பாட்டு. பியானோவில் அமெரிக்கத் தெற்குப் பகுதித் தேவாலயத்தின் சாயல். தொலைபேசிக்குக் காத்திருப்பவரின் பாட்டாகத் தொடங்கி, வயலின்களோடு பெரிதாகிறது. பெரிதாகும் அந்த இடத்தில் ஒரு படி குறைத்திருக்கலாம். முடிந்ததும் சிடியை நிறுத்திவிடாதீர்கள். கொஞ்சம் மௌனத்துக்குப் பிறகு பெயர் போடாத ஒரு வாத்திய இசைத் துண்டு வருகிறது. விளையாட்டாக அடித்து நொறுக்கியிருக்கிறார். இதற்கு மார்க் போட வேண்டாம், ஆனால் கேட்டோம் என்பது உங்கள் கட்டுரையில் தெரியட்டும்.

கணக்குப் பார்ப்பது

பாட்டுக்கு இத்தனை நட்சத்திரம் என்று போட்டுக் கூட்டிப் பதின்மூன்றால் வகுக்காதீர்கள். சராசரி எப்போதும் ‘சுமார்’ என்றுதான் வரும். அதற்குப் பதில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பாட்டுகள் இல்லாவிட்டால் இந்த ஆல்பமே இல்லை? என் கணக்கில் ‘ஜென்னி ரென்’, ‘ரைடிங் டு வேனிட்டி ஃபேர்’, ‘டூ மச் ரெயின்’. எவற்றை எடுத்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள்? ‘ஃபாலோ மீ’, ‘எ செர்ட்டன் சாஃப்ட்னஸ்’. எடுத்துவிட்டால் பக்கத்துப் பாட்டுக்கு நஷ்டம் என்று எவை நிற்கின்றன? ‘அட் த மெர்சி’யும் ‘பிராமிஸ் டு யூ கேர்லும்’. இந்த மூன்றாவது பட்டியல் எழுத வந்துவிட்டால் நீங்கள் ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்டுவிட்டீர்கள்.

விற்பனையையும் விருதையும் ஒரு வரியில் சொல்லி முடியுங்கள். பிரிட்டனில் பத்தாம் இடம், அமெரிக்காவில் ஆறாம் இடம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி பரிந்துரை. விருது யூ2 குழுவுக்குப் போனது. இவ்வளவு பெயரெடுத்தவரின் ஆல்பத்தை முதல் வாரத்தில் வாங்குகிறவர்கள் பாட்டைக் கேட்டுவிட்டு வாங்குவதில்லை, பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். அதனால் அந்த எண்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

காட்ரிச்சுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்பார்கள். எல்லாம் அவரால்தான் என்று எழுதுவது ஒரு ஃபேஷன். இந்த ஆல்பத்தில் ஒரு மெட்டுகூட அவர் போடவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னார். அறுபதைத் தாண்டிய இவ்வளவு பெரிய ஆளிடம் அதைச் சொல்ல உலகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கேட்டுக்கொண்டதற்கான மார்க்கை மெக்கார்ட்னிக்குக் கொடுங்கள்.

பயிற்சி: மெக்கார்ட்னியின் அடுத்த பாப் ஆல்பம் ‘மெமரி ஆல்மோஸ்ட் ஃபுல்’, 2007இல் வந்தது. தயாரிப்பாளர் டேவிட் கேன். ‘டிரைவிங் ரெயின்’ செய்தவர். இதில் சில பாட்டுகளின் வேலை காட்ரிச்சோடு ஸ்டுடியோவுக்குப் போகுமுன்பே, 2003இல், குழுவோடு தொடங்கிவிட்டது. மேலே சொன்ன முறையில் மூன்று தடவை கேளுங்கள். ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும், காட்ரிச் இருந்திருந்தால் எந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பார் என்று நிமிஷம், விநாடியோடு குறியுங்கள். நிறுத்தாமல் போனது நல்லதாகப் போயிற்று என்று தோன்றும் இடங்களை வேறு மையில் எழுதுங்கள். அந்த இடங்களும் நிச்சயம் இருக்கின்றன.